சரிவு: பூஜ்யம்

குரோனிங்கனில் மலை இல்லை.
வாய்க்கால் பாலத்தின் முதுகைத்தான்
இங்கே மேடு என்பார்கள்.
அதற்கே சைக்கிளில் எழுந்து நின்று மிதிப்பார்கள்.

கடுகை மலையாக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்.
கடுகும் இல்லாமல் ஆக்குவது என் வேலை.
மாதச் சம்பளம், வெள்ளிக்கிழமை அரைநாள்.

மூன்றாம் மாடியில் ஓடுபட்டை இரண்டு.
மட்டம் பார்க்கும் குமிழ் நட்ட நடுவில் நிற்கிறதா என்று
காலையில் இரண்டு தடவை குனிந்து பார்த்து
கையெழுத்துப் போடுகிறேன்.
சரிவு: பூஜ்யம்.
பிறகு வருகிறவர் தலையில் கண்ணாடியை மாட்டி
பத்து பாகைக்கு ஒரு மலையைக் கிளப்புகிறேன்.

லுப்பெர்ட் தபால்காரர்.
இந்த ஊர்த் தரையை அவரைவிட அறிந்த கால் கிடையாது.
மலை எழுந்ததும் முன்னால் சாய்ந்தார்,
முழங்காலை உயர்த்தினார்,
இல்லாத பாரத்தை எதிர்த்துத் தள்ளப் போய்
கொஞ்சம் ஓடியே விட்டார்.
இறக்கம் காட்டினேன்.
குதிகாலை ஊன்றிப் பிரேக் பிடித்தார்.

பத்துப் பன்னிரண்டு விநாடி ஆகிறது
கண் சொன்னது பொய் என்று
உள்ளங்காலுக்குத் தெரியவர.
அந்த இடைவெளியைத்தான் அளக்கிறோம்.
அதற்குள் நான் என்ன சொன்னாலும் கால் கேட்கும்:
சுவரை நெருக்கினால் தோளைக் குறுக்குவார்கள்,
மரங்களை விரட்டினால் நடை தளரும்.
முதல் வாரம் சிரித்தேன்.
பிறகு வீட்டுக்குப் போகும் வழியில்
என் நடையையே நம்ப முடியாமல்
செங்கல் தளத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தேன்.

மார்ச்சில் ஹிஸ்கே வந்தாள்.
கூடவே அவள் கணவன் ஒன்னோ,
மடக்கிய வெள்ளைக் கோலைக் கக்கத்தில் இடுக்கியபடி.
"எனக்கும் மாட்டுங்கள்" என்றான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
மாட்டினேன்.

இரண்டு பட்டை, இரண்டு கவசப் பட்டி, ஒரே மலை.
ஹிஸ்கேயின் கோடு எழுந்தது, விழுந்தது.
ஒன்னோவின் கோடு வாய்க்கால் தண்ணீர்.
ஊரிலேயே என்னால் ஏமாற்ற முடியாத ஒருத்தன்.

"மலை எப்படி இருக்கிறது?"
"பச்சை" என்றாள். "கணக்குப் போட்டு வைத்த மாதிரி பச்சை."
"ஆடு?"
"இல்லை."
"ஆடு இல்லாமல் என்ன மலை?"
எனக்குச் சுருக்கென்றது.

அந்தக் கோபத்தில்தான் என்று சொல்லமாட்டேன்,
ஆனால் இறக்கத்தைக் கொஞ்சம் செங்குத்தாக வைத்தேன்.

ஹிஸ்கே பேச்சை நிறுத்தினாள்.
அவள் காலணி ரப்பர் பட்டையில் தேய்ந்து கிரீச்சிட்டது.
மூச்சு பாதியில் நின்றது.
திரையில்,
ஒன்னோவின் கோடு வளைந்தது.

அடி சுருங்கியது.
குதிகால் முதலில்.
கை பக்கத்தில் நீண்டு, அவள் இருக்கிற திசையில்
காற்றைத் துழாவியது.
கண்ணே இல்லாமல் அவன் இறங்கிக்கொண்டிருந்தான்
அவளுடைய மலையை.

அவள் பதினோராவது விநாடியில் சுதாரித்தாள்.
அவன் சுதாரிக்கவில்லை,
"ஒன்றுமில்லை, தட்டைதான்" என்று
அவள் சொல்லும் வரை.

காதுக்குப் பொத்தி வைத்திருக்க வேண்டும். என் தவறு.
விலக்கக் காரணம் என்ற கட்டத்தில்
"ஒலிக் கசிவு" என்று தட்டச்சு செய்தேன்.
வேறு சொல் தேடினேன். அந்தக் கட்டத்தில்
இருபது எழுத்துக்கு மேல் ஏறாது.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
முற்றத்தைக் கடந்து போனார்கள்.
அவள் இன்னும் ஒரு இழை மெதுவாக,
அவன் கோல் அவள் அடிக்கு ஓர் அடி முன்னால்
தட்டையைத் தட்டித் தட்டிச் சொல்லியபடி.

மறுநாள் மலையில் ஒரு ஆட்டை வைத்தேன்.
ஆய்வுக்கு அது தேவையில்லை.
யாரிடமும் சொல்லவுமில்லை.

வியாழன் இரண்டாம் சுற்றுக்கு வந்த லுப்பெர்ட்
ஏறிக்கொண்டே போய், சட்டென்று
ஓரமாக ஒதுங்கி
அதற்கு வழி விட்டார்.